ஏ.எல். எழுதிவிட்டுக் காத்திருக்கும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

ஏ.எல். பரீட்சை முடிந்த வீடுகளில் ஒரே பேச்சுத்தான் கேட்கும்: "ரிசல்ட் வரட்டும், பார்ப்போம்." ரிசல்ட் வரும். பிறகு பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வரட்டும் என்பார்கள். அதில் பெயர் இல்லையென்றால் அரசாங்க வேலை அறிவித்தல்கள் வரும் வர்த்தமானி வரட்டும் என்பார்கள். இப்படி வரட்டும் வரட்டும் என்று இருந்தே இருபத்துமூன்று வயதைத் தொட்ட பிள்ளைகளை உவர்மலையிலும் பாலையூற்றிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் நான் நிறையப் பார்க்கிறேன். அவர்களில் யாரும் சோம்பேறிகள் இல்லை. எங்கே தொடங்குவது என்று ஒருவரும் இருத்திச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

திருகோணமலை நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் அலுவலகத்தில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். வருகிற விண்ணப்பங்களைப் பிரித்து, பட்டியல் போட்டு, நேர்முகத்துக்குக் கூப்பிடுவதும் என் பொறுப்புத்தான். நல்ல கெட்டிக்காரப் பிள்ளையின் விண்ணப்பத்தை ஒரு சான்றிதழ் குறைந்ததற்காக ஒதுக்கி வைக்க வேண்டி வரும்போது மனம் கஷ்டப்படும். ஒரு வெற்றிடம் திறந்திருப்பது பெரும்பாலும் மூன்று நான்கு வாரம். அது கேட்கிற தகுதியையும் கடதாசிகளையும் சேர்க்கவோ பல மாதம் பிடிக்கும். அதனால் வெற்றிடத்தைக் கண்ட பிறகு ஆயத்தம் செய்யத் தொடங்கினால் ஒருபோதும் நேரம் போதாது. கீழே சொல்வதையெல்லாம் காத்திருக்கும் காலத்திலேயே செய்யலாம்.

1. முதலில் ஒரு கொப்பித் தாள்

ஒரு தாளை எடுத்து மூன்று பகுதியாகப் பிரியுங்கள். முதற்பகுதியில், ஒருவரும் சொல்லாமலே நீங்களாகச் செய்கிற காரியங்களை எழுதுங்கள். வீட்டில் மின்விசிறி நின்றால் கழற்றிப் பார்ப்பது, கோயில் திருவிழாக் கணக்கு எழுதுவது, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, அப்பாவின் தோணி இயந்திரத்தைத் துப்புரவாக்குவது, இப்படி. இரண்டாம் பகுதியில் உங்களைச் சீக்கிரம் களைக்க வைக்கிறவை: நாள் முழுக்க இருந்த இடத்தில் இருப்பது, வெயில், தெரியாத ஆட்களோடு பேசுவது, இரவு விழிப்பது.

மூன்றாம் பகுதியைத்தான் அதிகம் பேர் எழுதாமல் விடுகிறார்கள். அது வீட்டு நிலைமை. மாதம் எவ்வளவு காசு கட்டாயம் வர வேண்டும்? எத்தனை மாதம் சம்பளமில்லாமல் படிக்க வீடு தாங்கும்? கொழும்பில் அறை எடுத்துத் தங்க முடியுமா, இல்லை நோயாளியான அம்மாவை விட்டுப் போக முடியாதா? இதை எழுதுவதில் ஒரு வெட்கமும் வேண்டாம். வீட்டை விட்டுப் போக முடியாத பிள்ளைக்கு ஒரு வழி, போகக் கூடிய பிள்ளைக்கு வேறொரு வழி. இரண்டுமே நல்ல வழிதான். மூன்றாம் பகுதியை மறைத்துக்கொண்டு முதற்பகுதியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், படிப்பைப் பாதியில் விடும் நிலை வரும்.

2. பிறகு மூன்று பேரைச் சந்தியுங்கள்

மனதில் இருக்கும் தொழிலில் மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள்: போன வருடம் சேர்ந்த ஒருவர், பத்து வருடமாக இருக்கிற ஒருவர், விட்டுவிட்டு வந்த ஒருவர். திருகோணமலை சின்ன ஊர். உங்கள் மாமாவுக்கோ பக்கத்து வீட்டு அக்காவுக்கோ எப்படியும் ஒருவரைத் தெரிந்திருக்கும்.

போய், "எனக்கு ஒரு வேலை பார்த்துத் தாருங்கள்" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் அவர்கள் சங்கடப்பட்டுப் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். "அண்ணா, உங்கள் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன்" என்று சொல்லுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், நேற்று முழுக்க என்ன செய்தீர்கள், சேரும்போது என்ன தகுதி கேட்டார்கள், உங்களோடு சேர்ந்தவர்களில் யார் விட்டுப் போனார்கள், ஏன்? இந்த நான்கு கேள்வியும் போதும். விட்டுவிட்டு வந்தவரிடம்தான் ஆகப் பயனுள்ள விடயங்கள் கிடைக்கும். ஆனால் அவர் ஒருவரின் கசப்பை மட்டும் வைத்துத் தொழிலை எடைபோடாதீர்கள். அதற்குத்தான் மூன்று பேர்.

3. நம் ஊரில் என்ன வேலை இருக்கிறது

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். போர்க்காலத்தையும் 2004 சுனாமியையும் கண்ட அவர்களுக்கு, மாதம் தவறாமல் வரும் சம்பளமும் ஓய்வூதியமும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்கு விளங்குகிறது. அரசாங்க வேலையை விரும்புவதில் பிழையே இல்லை. அதை மட்டும் நம்பி வேறொன்றும் செய்யாமல் இருப்பதுதான் ஆபத்து. 2017இல் கிழக்கின் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வீதியோரத்தில் நாட்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்ததை மறக்க முடியாது. பட்டம் இருந்தும் அந்த நிலை.

அரசாங்க வேலைக்கு நம் ஊரில் இரண்டு வாசல் உண்டு என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். ஒன்று மத்திய அரசு: அமைச்சுகள், திணைக்களங்கள், நாடளாவிய சேவைகள். மற்றது மாகாணம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின் வழியாக உருவானது மாகாண சபை முறை. கிழக்கு மாகாணத்தின் தலைமைச் செயலகமும் அமைச்சுகளும் இருப்பது திருகோணமலையில்தான். மாகாணப் பாடசாலை ஆசிரியர்கள், மாகாண வைத்தியசாலைகளின் பல பணியாளர்கள், உள்ளூராட்சி மன்ற ஊழியர்கள் எல்லாரும் இந்த வாசலால் போகிறவர்கள். கிழக்கு மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களைப் பார்க்காமல் மத்திய வர்த்தமானியை மட்டும் பார்க்கும் பிள்ளைகள் பாதி வாய்ப்பை இழக்கிறார்கள்.

சரி, அரசாங்கத்துக்கு வெளியே? துறைமுகத்தையும் சீனக்குடாவையும் சுற்றித்தான் இந்த ஊரின் பெருந்தொழில்கள் இருக்கின்றன. பிறிமா மா ஆலை, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்க் குதங்கள் என்று எல்லாருக்கும் பெயர் தெரியும். உள்ளே என்ன வேலைகள் நடக்கின்றன என்று கேட்டால் "எஞ்சினியர்மார், கூலியாட்கள்" என்று இரண்டே இரண்டைச் சொல்வார்கள். இவற்றுக்கு நடுவில் எத்தனை வேலைகள்! மின்னியலாளர், ஒட்டுத்தொழிலாளர், பொறி திருத்துநர், ஆய்வுகூட உதவியாளர், களஞ்சியப் பொறுப்பாளர், நிறுவைப் பால எழுதுநர், கனரக வாகனச் சாரதி, பாதுகாப்பு உத்தியோகத்தர், கணக்குப் பிரிவு, கொள்வனவுப் பிரிவு. இவற்றில் பலவற்றுக்குப் பட்டம் தேவையில்லை. செய்யத் தெரியும் என்று காட்டும் சான்றிதழ் வேண்டும்.

அடுத்தது சுற்றுலா. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி வரை ஹோட்டல்கள். புறாத்தீவுக்குப் படகு, கடலில் சுழியோடும் பயணிகள், திமிங்கிலம் பார்க்கும் பயணம். இந்த வேலையைப் பற்றி ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். நம் கரையில் சீசன் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் அறைகள் வெறுமையாகும். அந்த மாதங்களில்தான் தெற்கிலும் மேற்கிலும், பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் சீசன். சமையலோ, அறைப் பராமரிப்போ, முன்கருமபீடமோ முறையாகப் படித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறவர் இரண்டு கரையிலும் மாறி மாறி வேலை பார்க்கலாம். படிக்காமல் தெரிந்தவர் மூலம் சேர்ந்தவர் மழைக்காலத்தில் வீட்டில் இருக்க வேண்டி வரும்.

பெண் பிள்ளைகளை ஹோட்டல் வேலைக்கு அனுப்ப நம் வீடுகள் தயங்குகின்றன. தயக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹோட்டல் என்றால் உணவு பரிமாறுவது மட்டும் இல்லை. கணக்கு, முன்பதிவு, களஞ்சியம், மனிதவளம் என்று பகல் நேர அலுவலக வேலைகளும் உண்டு. அம்மா அப்பாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுங்கள். கண்ணால் கண்டால் பயம் பாதியாகக் குறையும்.

4. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால்

கிடைத்தால் சந்தோசம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டி வந்தாலும் போங்கள். கிடைக்காத பிள்ளைகளுக்காகத்தான் இந்தப் பகுதி.

இலங்கையில் தேசிய தொழிற்தகைமை என்று ஓர் ஏணி இருக்கிறது. என்.வி.கியூ. என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒன்றிலிருந்து ஏழு வரை படிகள். மூன்றும் நான்கும் தொழில் செய்யத் தெரிந்தவருக்கான சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஓ.எல். முடித்துத் தச்சு வேலையோ மின் வேலையோ தொடங்கிய பிள்ளை படிப்படியாக ஏறிப் பட்டம் வரை போக வழி இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை ஆகியவற்றில் இந்தப் பயிற்சிகள் உண்டு. கடைசியாகச் சொன்னது 'நைற்றா' என்று பேச்சில் அழைப்பார்கள். வேலைத்தளத்திலேயே பயிலுநராக இருந்து கற்கும் முறை அதன் சிறப்பு. கடலோடு சேர்ந்த தொழில் விருப்பமென்றால் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையமும் நம் ஊரில் இருக்கிறது. கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம் போன்றவற்றில் உயர் தேசிய டிப்ளோமா தேவையென்றால் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் அறிவித்தலைக் கவனியுங்கள்.

ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் தம்பிமாருக்கு ஒரு முக்கியமான செய்தி. பல வருடமாக மேசன் வேலையோ, வாகனத் திருத்தமோ, சமையலோ செய்கிறீர்கள், ஆனால் கையில் ஒரு கடதாசியும் இல்லை. திரும்ப வகுப்பில் இருக்கத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை ஒன்று இருக்கிறது. நீங்கள் செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டினால், என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். நைற்றா அலுவலகத்தில் கேளுங்கள். வெளிநாடு போக நினைக்கிறவர்களுக்கு இந்தச் சான்றிதழ் இருப்பதும் இல்லாததும் சம்பளத்தில் தெரியும்.

தனியார் நிறுவனத்தில் காசு கட்டிப் படிக்கப் போகிறீர்களா? பணத்தைக் கொடுக்க முன், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிவாகியிருக்கிறதா, நீங்கள் படிக்கப்போகும் அதே பாடநெறிக்குத் தர அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் பதிவாகியிருந்து பாடநெறி அங்கீகாரமில்லாமல் இருப்பதும் உண்டு. வடிவான சட்டம் போட்ட டிப்ளோமாக்களோடு வரும் பிள்ளைகளிடம், இதை எங்கள் பட்டியலில் எடுக்க முடியாது என்று சொல்லும் நிலை எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. அம்மாவின் காப்பை அடகு வைத்துக் கட்டிய காசு அது.

இன்னொன்று: ஓ.எல். கணிதமோ மொழியோ விடுபட்டிருந்தால் அதை முதலில் எழுதி முடியுங்கள். அரசாங்க அறிவித்தல்களில் பெரும்பாலானவை ஓ.எல். பெறுபேற்றில்தான் முதலில் வடிகட்டுகின்றன. ஏ.எல்.லில் மூன்று பாடம் சித்தியடைந்தும் ஓ.எல். கணிதம் இல்லாததால் விண்ணப்பிக்கவே முடியாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். வெளிவாரிப் பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுதலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. சிங்களமும் ஆங்கிலமும்

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் மாவட்டம் நம்முடையது. சந்தையில், பஸ்ஸில், வைத்தியசாலையில் தினமும் மூன்று மொழியும் காதில் விழும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இல்லாத வாய்ப்பு இது. வகுப்புக்குப் போங்கள், போக முடியாவிட்டால் தெரிந்த சிங்களக் கடைக்காரரோடு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் சிங்களத்திலேயே பேசுங்கள். பிழையாகப் பேசினால் அவர்களே அன்பாகத் திருத்துவார்கள். அரச சேவையில் சேர்ந்த பிறகும் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டி வரும். முன்கூட்டியே படித்தவருக்கு அது சுமையாக இராது. ஆங்கிலத்தில் குறைந்தது உங்களைப் பற்றி இரண்டு நிமிடம் தடுமாறாமல் பேசவும், ஓர் ஈமெயில் எழுதவும் பழகுங்கள்.

6. பைல்

இதுதான் என் அனுபவத்தில் ஆக முக்கியமான படி. ஒரு நல்ல பைல் வாங்கி, பிளாஸ்டிக் உறைகளோடு, இவற்றைச் சேருங்கள்: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, ஓ.எல். மற்றும் ஏ.எல். சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரம், பாடசாலை நற்சான்று, விளையாட்டு, சாரணர், மாணவர் தலைவர் சான்றிதழ்கள், தொழிற்பயிற்சிச் சான்றிதழ்கள், சாரதி அனுமதிப்பத்திரம். ஒவ்வொன்றிலும் ஐந்து போட்டோப் பிரதி. எல்லாவற்றையும் போனில் படமெடுத்து ஈமெயிலிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்திலோ இடம்பெயர்விலோ சான்றிதழ் தொலைந்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனை! தொலைந்திருந்தால், பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவிலும், பரீட்சைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையவழியாகவும் கேட்டுப் பெறலாம்.

இனி, எல்லாக் கடதாசியையும் மேசையில் பரப்பி, உங்கள் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் பிரச்சினை. என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் கணபதிப்பிள்ளை என்று தமிழில் சரியாக இருந்தது. ஓ.எல். சான்றிதழில் ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டிருந்தார்கள், அடையாள அட்டையில் இரண்டு 'பி'. இதை நான் கவனிக்கவே இல்லை. முதல் நேர்முகத்தில் ஓர் அலுவலகத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், "இரண்டும் ஒரே ஆள் என்பதற்குச் சத்தியக் கடதாசி கொண்டுவாருங்கள்" என்று பைலைத் திருப்பித் தந்தார். நான் சமாதான நீதவானைத் தேடிப்பிடித்து, முடித்துக்கொண்டு போக இரண்டு நாள். அதற்குள் ஆளை எடுத்துவிட்டார்கள். அன்று பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதது இன்றும் நினைவிருக்கிறது. உங்களுக்கு அது வரக் கூடாது. பெயர், பிறந்த திகதி, முதலெழுத்துகளின் ஒழுங்கு எதிலாவது வித்தியாசம் இருந்தால் இப்போதே சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழிலேயே பிழையென்றால் திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்; அதற்கு நாளெடுக்கும்.

கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழை மட்டும் முன்கூட்டி எடுக்க வேண்டாம். பல இடங்களில் ஆறு மாதத்துக்குள் எடுத்ததைத்தான் ஏற்பார்கள். பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். நேர்முகக் கடிதம் வந்த அன்றே போய் எடுங்கள்.

7. சுயவிபரக் கோவை

இரண்டு பக்கம் போதும். பெயர், விலாசம், போன் இலக்கம், ஈமெயில் மேலே. கல்வித் தகைமை, தொழிற் தகைமை, அனுபவம், மொழித் திறன், பிறகு உறவினரல்லாத இருவரின் விபரம். அந்த இருவரிடமும் முதலில் அனுமதி கேளுங்கள். நாங்கள் போன் எடுக்கும்போது "யார் இந்தப் பிள்ளை?" என்று அவர்கள் கேட்டால் நன்றாக இராது. அடிக்கடி மாற்றும் சிம் இலக்கத்தைப் போடாதீர்கள். அழைத்துக் கிடைக்காதவரை இரண்டாம் தடவை அழைக்க எங்களுக்கு நேரமிருக்காது.

"எனக்கு அனுபவம் இல்லை, என்ன எழுதுவது?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். விடுமுறையில் பெரியப்பாவின் கடையில் நின்றிருப்பீர்கள். அதைக் "கடையில் உதவி செய்தேன்" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் விளங்காது. "பலசரக்குக் கடையில் எட்டு மாதம் பகுதிநேரம்; நாளாந்த விற்பனைக் கணக்கு எழுதினேன், வாரம் ஒருமுறை இருப்பு எண்ணினேன், கடன் கொப்பி பார்த்தேன்" என்று எழுதினால், களஞ்சிய வேலைக்குப் பொருத்தமான பிள்ளை என்று கண்ணில் படும். கோயில் தொண்டு, பள்ளிவாசல் நிர்வாகத்துக்குச் செய்த உதவி, விளையாட்டுக் கழகத்தின் பொருளாளர் பதவி, எல்லாம் அனுபவந்தான். செய்யாததை எழுத வேண்டாம். நேர்முகத்தில் இரண்டே கேள்வியில் அது வெளிப்பட்டுவிடும்.

மற்றவரின் கோவையைப் பிரதி பண்ணிப் பெயரை மட்டும் மாற்றும் பழக்கம் கொம்பியூட்டர் கடைகளில் இருக்கிறது. ஒரே நாளில் ஒரே வசனங்களோடு ஆறு கோவைகள் எனக்கு வந்திருக்கின்றன. ஆறிலும் "கடின உழைப்பாளி" என்று ஒரே இடத்தில் இருந்தது. உங்கள் வசனத்தை நீங்களே எழுதுங்கள், சின்னப் பிழை இருந்தாலும் பரவாயில்லை, பிறகு ஓர் ஆசிரியரிடம் காட்டித் திருத்துங்கள்.

8. வர்த்தமானி விண்ணப்பம்

வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும். இணையத்தில் தமிழிலேயே இலவசமாகப் படிக்கலாம். ஞாயிறு தமிழ்ப் பத்திரிகைகளிலும் வெற்றிட விளம்பரங்கள் வரும். வெள்ளி மாலை அரை மணித்தியாலம் இதற்கென்று ஒதுக்குங்கள். பிரதேச செயலகத்தில் மனிதவலு, வேலைவாய்ப்புப் பிரிவின் உத்தியோகத்தர் இருந்தால் அறிமுகமாகிக்கொள்ளுங்கள். தொழில் வழிகாட்டல் அவர்களின் வேலை.

அறிவித்தலை இரண்டு தடவை வாசியுங்கள். முதல் தடவை தகுதிக்காக: வயது எந்தத் திகதியில் கணக்கிடப்படுகிறது, ஓ.எல். எத்தனை திறமைச் சித்தி, எத்தனை தடவைக்குள், வதிவிடம் எந்த மாகாணம். இரண்டாம் தடவை முறைக்காக: எந்த அளவுத் தாள், எந்த மொழியில், எந்த இலக்கம் எந்தப் பக்கத்தில், பரீட்சைக் கட்டணத்தை எங்கே கட்டுவது, கையொப்பத்தை யார் அத்தாட்சிப்படுத்துவது. மாதிரிப் படிவத்தில் முதற்பக்கத்தில் இருப்பதை இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டு போனதற்காகவே விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும். கடிதவுறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயர் கேட்டிருந்தால் அப்படியே எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் விண்ணப்பத்தின் பிரதியையும் பைலில் வையுங்கள். கடைசி நாளில் அனுப்பாதீர்கள். குறித்த திகதிக்கு முன் அங்கே கிடைத்தாக வேண்டும்.

9. காசு கேட்டால்

வேலைக்குக் காசு கேட்கிறவர் யாராக இருந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள். "உள்ளே ஆள் இருக்கிறார், கொஞ்சம் கொடுத்தால் பெயரைப் போடலாம்" என்பார்கள். வட்ஸ்அப்பில் "இன்றே கட்டுங்கள், நாளை நியமனம்" என்று வரும். வெளிநாட்டு வேலையென்றால், முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை வாங்கி, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். முகவருக்கு அனுமதி இருந்தாலும், அந்த நாட்டில் அந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றித் தருகிறோம் என்று சொன்னால் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள்.

10. நேர்முகப் பரீட்சை

மூதூரிலிருந்தோ வெருகலிலிருந்தோ வருகிற பிள்ளைகள் முதல்நாளே பஸ் நேரம் கேட்டு வையுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பயணம் எவ்வளவோ இலேசாகிவிட்டது, ஆனாலும் ஒரு பஸ் தவறினால் அடுத்ததுக்கு நேரமெடுக்கும். கொழும்பில் நேர்முகமென்றால் இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ போய் விடியற்காலை இறங்குவீர்கள். உடுப்பைத் தனிப் பையில் மடித்துக் கொண்டுபோய், முகம் கழுவி மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு உள்ளே போகாதீர்கள்.

உடுப்பு சுத்தமாக, அயன் பண்ணியதாக இருந்தால் போதும். புதிது வாங்கக் கடன்பட வேண்டாம்.

கேள்விகளில் மூன்று நிச்சயம் வரும்: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், ஏன் இந்த வேலை, எங்கள் நிறுவனத்தைப் பற்றி என்ன தெரியும். முதற்கேள்விக்குக் குடும்ப வரலாறு தேவையில்லை. படித்தது, செய்தது, இந்த வேலைக்கு அது எப்படி உதவும், இவ்வளவும் ஒரு நிமிடத்தில். இரண்டாவதுக்கு, முதற்படியில் எழுதிய கொப்பித் தாளையும் அந்த மூன்று பேரிடம் கேட்டதையும் நினையுங்கள். "இந்த வேலையில் இருக்கிற ஓர் அக்காவோடு பேசினேன், மாதக் கடைசியில் கணக்கு முடிக்க இரவாகும் என்று சொன்னார், எனக்கு அது பிடித்திருக்கிறது" என்று ஒரு பிள்ளை சொன்னது. அறையில் இருந்த எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். தெரியாததைக் கேட்டால் "தெரியாது, ஆனால் படித்துக்கொள்வேன்" என்று சொல்லுங்கள். ஆங்கிலக் கேள்வி விளங்காவிட்டால், திரும்பச் சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்கலாம்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் தலையைக் குனியாதீர்கள். அந்தத் தாளின் மூன்றாம் பகுதியில் ஒரு தொகை எழுதியிருப்பீர்களே, அதற்குக் குறையாமல், வழக்கத்தை விசாரித்து ஒரு தொகை சொல்லுங்கள்.

11. நியமனக் கடிதம்

வேலை கிடைத்துவிட்டது என்ற சந்தோசத்தில் கடிதம் வாங்காமல் சேர்கிறவர்கள் அதிகம். "முதலில் வாருங்கள், பிறகு தருகிறோம்" என்று சொல்லும் இடங்களில் அந்தப் பிறகு வருவதேயில்லை. பதவி, சம்பளம், தகுதிகாண் காலம், விடுமுறை, வேலை நேரம் எழுதிய நியமனக் கடிதம் கேளுங்கள். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வழமையான வேலை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டு.

சம்பளப் பட்டியலில் ஊழியர் சேமலாப நிதியைப் பாருங்கள். உங்களிடமிருந்து 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி 3 வீதம்; அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. தகுதிகாண் காலத்திலும் இவை சேர வேண்டும், "நிரந்தரமான பிறகுதான்" என்று சொன்னால் அது சரியில்லை. உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினையென்றால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் முறையிடலாம்.

நியமனக் கடிதத்தில் மூன்று பிரதி எடுத்து, அதே பைலில், சான்றிதழ்களுக்குப் பின்னால் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொரு வெற்றிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, அனுபவத்துக்கு ஆதாரமாக முதலில் அதைத்தான் கேட்பார்கள்.